பேச மட்டும் ஒரு ஸ்மார்ட்போன்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சங்கதி. ப்ரீபெய்ட் சிம், டேட்டா வேண்டாம், ஆனால் போன் ஸ்மார்ட்போன். தாராளமாக முடியும்.

டேட்டா பேக் போடவே இல்லை. பிறகு பேலன்ஸ் எப்படிக் குறையும்?

பேக் இல்லையென்றால் டேட்டா ஓடாது என்று யார் சொன்னது? மெயின் பேலன்ஸிலிருந்து எம்பி கணக்கில் கழிக்கும் திட்டங்கள் உண்டு, அதுவும் பேக் விலையைவிடப் பல மடங்கில். மொபைல் டேட்டாவை அணையுங்கள், கையோடு ரோமிங்கையும். முடிந்தால் சேவை நிறுவனத்தையே கூப்பிட்டு அந்த எண்ணுக்கு டேட்டாவை அடைக்கச் சொல்லுங்கள். போனில் போடும் பூட்டு எப்போது திறந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது.

டேட்டா சேவர் ஆனில் இருக்கிறது. போதுமா?

போதாது. அது பின்னணியில் ஓடும் ஆப்களைத்தான் மடக்கும். கண்ணெதிரே திறந்திருக்கும் ஆப் பாட்டுக்குக் குடித்துக்கொண்டே இருக்கும்.

புது போனை எந்த வரிசையில் தயார் செய்வது?

சிம்மை வெளியே வைத்துவிட்டு வைஃபையில் தொடங்குங்கள். கணக்கு, ஆப்கள், ஒன்றிரண்டு ஜிபி அப்டேட் எல்லாம் முடியட்டும். அப்புறம் சிம். போட்டதும் முதல் வேலை டேட்டாவை அணைப்பது. பல ஆண்ட்ராய்டு போன்களில் இந்த ஸ்விட்ச் சிம்முக்குச் சிம் தனி. பழைய சிம்மில் அணைத்தது புதியதற்குச் செல்லாது.

வீட்டில் எப்போதும் வைஃபைதான், அதனால் டேட்டாவை அணைக்கவில்லை. ஒரே ராத்திரியில் பேலன்ஸ் காலி!

எந்த போன் என்று ஒரு வரி எழுதினால் கை வலித்துவிடுமா? சரி, ஊகித்துச் சொல்கிறேன். நடு ராத்திரியில் ரவுட்டர் ஒரு நிமிடம் படுத்திருக்கும், போன் சத்தமில்லாமல் சிம் பக்கம் தாவியிருக்கும். ஸ்விட்ச் ஆனில் இருந்தால் அது அப்படித்தான் செய்யும்.

அதோடு நின்றாலும் பரவாயில்லை. வைஃபை இருக்கும்போதே, சிக்னல் கொஞ்சம் மெலிந்ததும் டேட்டாவுக்குத் தாவும் வசதி வேறு. ஐபோனில் 2015-இல் ஐஓஎஸ் 9-உடன் 'வைஃபை அசிஸ்ட்' என்று வந்தது, வரும்போதே ஆனில் வந்தது. ஆண்ட்ராய்டில் கம்பெனிக்கு ஒரு பெயர். ஆப் எழுதுபவர்களுக்கான டெவலப்பர் ஆப்ஷன்ஸ் மெனுவில், வைஃபை இருக்கும்போதும் டேட்டாவை விழிக்க வைத்திருக்கும் 'மொபைல் டேட்டா ஆல்வேஸ் ஆக்டிவ்' என்று இன்னொன்று ஒளிந்திருக்கிறது. எல்லாம் நம் வசதிக்காம். என் பேலன்ஸை எடுத்து எனக்கு வசதி செய்ய இவர்களை யார் கேட்டது?

நானும் ஏமாந்திருக்கிறேன். வைஃபை தகராறு செய்கிறதே என்று நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்தேன். வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் அழிந்தன; கூடவே மொபைல் டேட்டா ஆனுக்கு வந்துவிட்டது. திரையை இழுத்தபோது அந்தக் குட்டிப் பொத்தான் நீலமாக இருந்ததைப் பார்த்தும் பார்க்காமல் விட்டேன். காலையில் ஒருவரைக் கூப்பிடப் போனால், பேலன்ஸ் போதாது என்று ஒரு பெண் குரல்.

ஆகவே சிம் மாற்றினாலும், ரீசெட் செய்தாலும், பெரிய அப்டேட் போட்டாலும் அந்தப் பொத்தானைப் பாருங்கள்.

டேட்டாவை அணைத்தால் வோல்டிஇ (4ஜி வழியாகப் பேசும்) அழைப்பு வருமா?

வரும். அது ஐஎம்எஸ் என்ற தனிப் பாதையில் போகிறது; டேட்டா ஸ்விட்ச் அதைத் தொடாது. பயந்துபோய் வோல்டிஇ-யை அணைத்துவிடாதீர்கள். 2ஜி, 3ஜி மூடிவிட்ட இடங்களில் அழைப்பே போகாது.

ஏரோப்ளேன் மோடில் போட்டு வைஃபை மட்டும் வைத்திருக்கிறேன். யாராலும் என்னைக் கூப்பிட முடியவில்லை.

முடியாதுதான். வைஃபை வழியாகவே அழைப்பு வரும் 'வைஃபை காலிங்' இருந்தால் ஒழிய, சிம்மைத் தூங்க வைத்துவிட்டு மணி அடிக்கவில்லை என்றால் எப்படி?

எம்எம்எஸ் (படத்தோடு வரும் மெசேஜ்) மட்டும் வேண்டும்.

சில போன்களில் இதற்கென்றே தனி ஸ்விட்ச் உண்டு, முதலில் அதைத் தேடுங்கள். இல்லையென்றால் ஏபிஎன் (சிம் எந்த வழியில் டேட்டாவோடு சேர வேண்டும் என்ற செட்டிங்) பக்கத்தின் டைப் வரியில் 'டிஃபால்ட்' முதலியவற்றை நீக்கி 'எம்எம்எஸ்' மட்டும் விடுங்கள். டேட்டா ஆனில் இருந்தாலும் இணையம் போகாது, படம் வரும். பழையதை எழுதி வைத்துக்கொண்டு மாற்றுங்கள். சிம் மாற்றினால் மறுபடி பாருங்கள்.

டேட்டா இல்லாமல் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

செய்யும். சிக்னல் சுமார் 20,000 கிமீ உயரத்துச் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது, சிம்முக்கு அதில் பங்கில்லை. டேட்டாவின் உதவி இல்லாததால் முதல் தடவை இடம் பிடிக்கத் தாமதமாகும். வெட்டவெளியில் ஓரிரு நிமிடம் நில்லுங்கள். மேப்பை வைஃபையிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும். போக்குவரத்து நெரிசல் தெரியாது.

வாட்ஸ்அப்?

பதிவுக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்தால் சரி. அப்புறம் வைஃபையே போதும்.

ஐபோனில் சிம் போட்டதும் நான் அனுப்பாத எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு போயிருக்கிறது.

ஆப்பிளின் மெசேஜ் சேவையான ஐமெசேஜும் வீடியோ அழைப்பு சேவையான ஃபேஸ்டைமும் உங்கள் எண்ணைப் பதிய உங்களுக்குத் தெரியாமல் எஸ்எம்எஸ் அனுப்பும். சில நிறுவனங்கள் அதை வெளிநாட்டு எஸ்எம்எஸ்ஸாகக் கணக்கிடும். வேண்டாமென்றால் சிம் போடும் முன்பே இரண்டையும் அணைத்துவிடுங்கள்.