ப்ராசசரின் எம்எஸ்ஆர் (சூடு போன்ற தன் நிலையை ப்ராசசர் குறித்து வைக்கும் உள் ரெஜிஸ்டர்கள்) படிக்க நானே கெர்னல் டிரைவர் எழுத வேண்டுமா?

வேண்டாம் தம்பி. அந்த டிரைவர் லினக்ஸிலேயே இருக்கிறது.

காட்பாடி விடுதி அறையில் மதியமானால் லேப்டாப் திணறுகிறது, கோர் சூட்டை ப்ராசசரிடமே கேட்கலாம் என்று சி நிரலுக்குள் எம்எஸ்ஆரைப் படிக்கும் ஆர்டிஎம்எஸ்ஆர் கட்டளையைப் போட்டால் செக்மென்டேஷன் ஃபால்ட் வருகிறது என்கிறீர்கள். அது உங்கள் நிரலின் பிழை இல்லை. அந்தக் கட்டளை ப்ராசசரின் முழு அதிகார நிலையான ரிங் 0-வில், அதாவது இயங்குதளத்தின் மையமான கெர்னலில் மட்டுமே ஓடும். சூடோ போட்டாலும் உங்கள் நிரல் சாதாரண நிரல்களுக்கான ரிங் 3-இல்தான் இருக்கும். ரூட் யார், சாதாரண பயனர் யார் என்பதெல்லாம் கெர்னலின் கணக்கு. ப்ராசசருக்கு அது தெரியவே தெரியாது.

மோட்ப்ரோப் கட்டளை போட்டு, அந்த டிரைவரான எம்எஸ்ஆர் மாட்யூலை ஏற்றுங்கள். டெவ் அடைவில் சிபியு, அதற்குள் 0, 1, 2 என்று ஒவ்வொரு லாஜிக்கல் கோருக்கும் ஓர் அடைவு, ஒவ்வொன்றிலும் எம்எஸ்ஆர் என்ற கோப்பு வந்துவிடும். ரூட்டாகத் திறந்து, ரெஜிஸ்டர் எண்ணையே ஆஃப்செட்டாகக் கொடுத்து 8 பைட் படியுங்கள். டிரைவர் அந்தக் கோருக்கு இன்டரப்ட் அனுப்பி, அங்கேயே கட்டளையை ஓட்டி விடையை வாங்கித் தரும். இல்லாத ரெஜிஸ்டரைக் கேட்டால் ஐஓ பிழை வரும், அவ்வளவுதான், மெஷின் படுக்காது. அவசரத்தில் நாமே எழுதும் மாட்யூலில் இந்த இரண்டும்தான் முதலில் சொதப்பும்.

இன்டெல் சில்லு என்றால் ஹெக்ஸில் 19சி என்ற ரெஜிஸ்டர். அதில் 16 முதல் 22 வரையுள்ள பிட்களில் டிகிரி இருக்கும். ஆனால் அது சூடு அல்ல, உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்பது. வரம்பு 1ஏ2-வில் 16 முதல் 23 வரை. வரம்பு 100, பாக்கி 18 என்றால் கோர் 82 டிகிரியில் இருக்கிறது. 19சி-யின் 0-வது பிட் 1 என்றால் சூட்டினால் வேகத்தைக் குறைக்கும் வேலை இப்போதே நடக்கிறது. ஏஎம்டிக்கு இந்த எண்கள் பொருந்தாது. விர்ச்சுவல் மெஷினுக்குள் படித்தால் அதை இயக்கும் ஹைப்பர்வைசர் என்ன கொடுக்கிறதோ அதுதான் வரும், நம்பாதீர்கள்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் தகரக் கூரைக்குக் கீழே ஓடும் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று நம்ம வேலூரைச் சொல்வார்கள். கத்திரி வெயிலில் அந்தப் பாறை மலைகள் பொழுது சாய்ந்த பிறகும் அனலடிக்கும். அங்கே நான் எம்எஸ்ஆரைத் தொடுவதே இல்லை. கோர்டெம்ப் டிரைவர் அதே 19சி-யைப் படித்து டிகிரியாகவே தருகிறது. சிஸ் அடைவில் ஒவ்வொரு சிபியுவுக்குள்ளும் தெர்மல் த்ராட்டில் என்று ஓர் அடைவு இருக்கும். மெஷின் கிளம்பியதிலிருந்து எத்தனை முறை வேகம் குறைந்தது என்று கெர்னலே அதில் எண்ணி வைத்திருக்கும். உங்கள் லேப்டாப்பிலும் முதலில் அதைப் பாருங்கள்.

படிப்பதோடு நிறுத்துங்கள், எழுத வேண்டாம். 2019-இல் வெளிவந்த ப்ளண்டர்வோல்ட் தாக்குதலில், ஹெக்ஸில் 150 என்ற ரெஜிஸ்டர் வழியாக மின்னழுத்தத்தைக் குறைத்தே, ரகசியங்களைத் தனியே பூட்டி வைக்கும் இன்டெலின் எஸ்ஜிஎக்ஸ் பாதுகாப்பை உடைத்தார்கள். கெர்னல் 5.9 முதல், இந்தக் கோப்பு வழியாக எழுதினால் லாகில் எச்சரிக்கை விழும். செக்யூர் பூட்டால் லாக்டவுன் (ரூட்டையும் கட்டுப்படுத்தும் கெர்னல் பூட்டு) இயங்கினால் எழுதவே விடாது.

விண்டோஸில் இப்படிக் கோப்பு கிடையாது. அதனால் சூடு காட்டும், ஃபேன் வேகம் மாற்றும் கருவிகள் பலவும் வின்ரிங்0 என்ற ஒரே டிரைவரை நம்பின. யார் கேட்டாலும் எந்த ரெஜிஸ்டரையும், எந்த மெமரியையும் திறந்துவிடும் டிரைவர் அது. 2020-இல் அதற்கு சிவிஇ எண், அதாவது பாதுகாப்பு ஓட்டைகளைப் பதிவு செய்யும் எண், விழுந்தது. 2025-இல் விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் அதைத் தடுக்கத் தொடங்க, கருவிகள் ஒவ்வொன்றாக வேலை செய்யாமல் நின்றன. எனக்கு அதில் டிஃபெண்டர் மேல் கோபமில்லை.

கல்லூரி ப்ராஜெக்டுக்காக டிரைவர் எழுதியே ஆக வேண்டும் என்றால், ரெஜிஸ்டர் எண்ணைப் பயனரிடம் வாங்காதீர்கள். 19சி-யை மாட்யூலுக்குள்ளேயே வைத்து, படிக்க மட்டும் விட்டு, டிகிரியாக மாற்றிக் கொடுங்கள். ரைட் ஃபங்ஷனே எழுத வேண்டாம்.