ஸ்மால்கேப் ஃபண்ட்: சொல்வதைச் செய்கிறார்களா?

கேள்வி: ஸ்மால்கேப் ஃபண்ட் (சிறு நிறுவனப் பங்குகளை வாங்கும் மியூச்சுவல் ஃபண்ட்) ஒன்றில் முதலீடு செய்ய நினைக்கிறேன். 'தரமான சிறு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து நீண்ட காலம் வைத்திருப்போம்' என்கிறார்கள். இது உண்மைதானா என்று வெளியிலிருந்து எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: இந்த வாசகம் பெரும்பாலான ஃபண்டுகளின் விளம்பரத்தில் இருக்கும். அதைச் சோதிக்க ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் வரும் மாதாந்திர போர்ட்ஃபோலியோ, அதாவது ஃபண்ட் வைத்திருக்கும் பங்குகளின் பட்டியல் போதும். மூன்று ஆண்டுகளுக்கு, ஆறு மாத இடைவெளியில் ஏழு பட்டியல்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சதவிகிதத்தை விட்டுவிட்டுப் பங்குகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். விலை ஏறினாலே சதவிகிதம் ஏறிவிடும். எண்ணிக்கை மாறினால்தான் ஃபண்டை நிர்வகிக்கும் மேனேஜர் வாங்கினார், விற்றார் என்று அர்த்தம். நிறுவனம் போனஸாக இலவசப் பங்கு தந்திருந்தால், ஒரு பங்கைப் பலவாகப் பிரித்திருந்தால் எண்ணிக்கை திடீரென உயரும், அதில் ஏமாந்துவிடாதீர்கள்.

புதிதாகச் சேர்ந்தவற்றில் பத்துப் பங்குகளை எடுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஐந்தாண்டு நிகர லாபத்தைக் கூட்டுங்கள். செயல்பாடுகளிலிருந்து வந்த ரொக்கத்தையும் கூட்டுங்கள். லாபம் 100 கோடி, ரொக்கம் 30 கோடி என்றால் மீதிப் பணம் பெரும்பாலும் வாடிக்கையாளர் பாக்கியிலும் சரக்கிலும் முடங்கிக் கிடக்கும். வேகமாக வளரும் ஒன்றிரண்டு நிறுவனங்களில் இது சகஜம். பத்தில் ஆறேழு இப்படி என்றால் தரம் பார்த்து வாங்கவில்லை. வங்கிகளுக்கும் கடன் தரும் நிதி நிறுவனங்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

அடுத்து, ஃபேக்ட்ஷீட்டில் (ஃபண்டின் தகவல் தாள்) உள்ள டர்ன்ஓவர் விகிதம்: ஓராண்டில் போர்ட்ஃபோலியோவில் எவ்வளவு பங்கை மாற்றினார்கள் என்பது. 25% என்றால் ஒரு பங்கைச் சராசரியாக நான்கு ஆண்டுகள் வைத்திருக்கிறார்கள். 100% என்றால் ஓராண்டு. 'நீண்ட காலம்' என்று சொல்லும் ஃபண்டில் இது 90% இருந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

கடந்த கால வருமானத்தைப் பார்க்கும் முன், இப்போதைய மேனேஜர் எப்போது பொறுப்பேற்றார் என்று பாருங்கள். அதற்கு முந்தைய வருமானம் வேறொருவர் சம்பாதித்தது. 2018 ஜனவரியிலிருந்து 2020 மார்ச் வரை சிறு நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டி ஸ்மால்கேப் 250 பாதிக்கு மேல் சரிந்தது. அப்போதும் இவரே இருந்தார் என்றால், அந்தச் சரிவில் எதை விற்றார், எதைக் கூடுதலாக வாங்கினார் என்பதுதான் அவருடைய முறையைக் காட்டும். ஏறும் சந்தையில் எல்லா முறையும் பலிக்கும்.

கேள்வி: ஃபண்டின் சொத்து மதிப்பு 20,000 கோடியைத் தாண்டிவிட்டது. இது நல்லதா, கெட்டதா?

பதில்: ஸ்மால்கேப்பில் கவலைப்பட வேண்டிய விஷயம். ஒரு பங்கில் 2% போட்டால் அது 400 கோடி. நிறுவனத்தின் சந்தை மதிப்பு 8,000 கோடி, அதில் 60% புரொமோட்டர் (நிறுவனத்தை நடத்தும் முதன்மை உரிமையாளர்) கையில் என்று வையுங்கள். சந்தையில் புழங்குவது 3,200 கோடிதான். அதில் எட்டில் ஒரு பங்கு இந்த ஃபண்டிடம். தினமும் 20 கோடிக்கு வர்த்தகம் நடந்து, விலை கலையாமல் அதில் ஐந்தில் ஒரு பங்கை விற்க முடிந்தால், முழுவதும் வெளியேற 100 வர்த்தக நாள்கள், ஏறக்குறைய ஐந்து மாதம். 2,000 கோடி ஃபண்டுக்கு இதே வேலை பத்தே நாள். ஒரு நிறுவனத்தின் வாக்குரிமையுள்ள பங்குகளில் 10%க்கு மேல் அந்த ஃபண்ட் நிறுவனத்தின் எல்லாத் திட்டங்களும் சேர்ந்துகூட வைத்திருக்கக் கூடாது என்று பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வைத்த வரம்பும் உண்டு.

அதனால் பணம் குவியக் குவிய, மேனேஜர் ஒன்று பங்குகளின் எண்ணிக்கையைக் கூட்டுவார், இல்லை பெரிய நிறுவனங்களுக்கு நகர்வார். 2017 அக்டோபரில் செபி வகுத்த விதிப்படி, சந்தை மதிப்பில் 251-வது இடத்திலிருந்து கீழே உள்ளவை ஸ்மால்கேப்; ஃபண்டின் பணத்தில் 65% அவற்றில் இருந்தால் போதும். மீதி 35% எங்கே போகிறது என்று அந்த ஏழு பட்டியல்களிலேயே தெரியும்.

2024 முதல் மாதந்தோறும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் முடிவையும் வெளியிடுகிறார்கள்: போர்ட்ஃபோலியோவில் 25%, 50% விற்க எத்தனை நாள் ஆகும் என்று. விற்க மிகக் கடினமான கடைசி 20% பங்குகளைக் கழித்துவிட்டுப் போடும் கணக்கு இது. ஆகவே நிஜம் இதைவிட மோசமாகவே இருக்கும். அடுத்த ஃபண்டோடு ஒப்பிடுவதைவிட, அதே ஃபண்டின் எண் ஓராண்டில் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். நாள் குறைந்திருந்தால், லார்ஜ்கேப்பும் (பெரிய நிறுவனப் பங்குகளும்) ரொக்கமும் கூடியதால் குறைந்ததா என்றும் கவனியுங்கள்.

கேள்வி: மொத்தமாகப் பணம் போடுவதை நிறுத்தி, எஸ்.ஐ.பி (மாதாமாதம் ஒரு தொகை போடுவது) மட்டும் ஏற்கிறார்களே?

பதில்: பெரும்பாலும் நல்ல அறிகுறிதான். நிர்வாகக் கட்டணம் சொத்து மதிப்பைப் பொறுத்து வருவதால், வரும் பணத்தை வேண்டாம் என்பது அவர்களுக்கு வருமான இழப்பு. ஆனால் சந்தை உச்சத்தில் இருக்கும்போதே திரும்பத் திறந்துவிட்டார்களா என்று பழைய அறிவிப்புகளைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: 150 பங்குகள் வைத்திருப்பது அதிகமா?

பதில்: ஃபண்டின் மொத்த மதிப்பில் 0.3%க்குக் கீழே உள்ள பங்குகள் எத்தனை என்று எண்ணுங்கள். 0.2% வைத்த பங்கு இரட்டிப்பானாலும் ஃபண்டுக்குக் கிடைப்பது 0.2% மட்டுமே. இப்போதுதான் வாங்கத் தொடங்கிய பங்கு என்றால் சரி. இரண்டு ஆண்டுகளாக அதே எண்ணிக்கையில் கிடந்தால், அதை வாங்கியதற்கும் விற்காததற்கும் அவர்களிடம் காரணம் இருக்க வாய்ப்பில்லை.