கிரவலிலும் கார்பெட்டிலும் ஓட ஒரே பகி: எதை வாங்குவது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, ரிமோட்டில் ஓடும் 1/10 அளவு டூ வீல் டிரைவ் ரேசிங் பகி கார் ஒன்று வாங்க யோசிக்கிறேன். பெரும்பாலும் ஓடப்போவது கிரவல் மைதானத்தில். சில நாள் நண்பர்களோடு ஃபுட்சல் கோர்ட்டின் செயற்கைப் புல்லில், மழை வந்தால் ஃபிளாட்டுக்குக் கீழே இருக்கும் கொங்கிரீட் பார்க்கிங்கில். உள்ளே கார்பெட் விரித்து ஓடுவோம் என்ற பேச்சும் இருக்கிறது. நண்பர் ஒருவர் பாவித்த கார்பெட் மொடல் ஒன்றைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். அதை எடுக்கவா, புதிதாக டர்ட் மொடல், அதாவது மண்தரைக்கு உரியது, வாங்கவா?"

தம்பி, டர்ட் மொடல்தான். நீங்கள் ஓடும் தரைகளில் அதிகம் வழுக்குவது எதுவோ அதற்குப் பொருந்துகிற காரை வாங்குங்கள், பிடிப்பு அதிகமுள்ள தரைகளை டயரையும் செட்டிங்கையும் மாற்றிச் சமாளிக்கலாம். தலைகீழாகச் செய்தால், அதாவது கார்பெட் காரை வாங்கிக் கிரவலில் ஓட்டப் பார்த்தால், பாதி நேரம் கார் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு நிற்கும். ஏனென்று சொல்கிறேன்.

டூ வீல் டிரைவில் தள்ளுவது பின் சில்லு இரண்டும் மட்டும். பிரேக்கும் அந்த இரண்டில்தான். முன் சில்லுகள் பெயாரிங்கில் சும்மா சுழன்று திசையை மட்டும் திருப்புகின்றன. ஆகவே பின் டயரின் மேல் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பதுதான் இந்த வகைக் காரின் முழுக் கதையும். 1984இல் அசோஸியேட்டட் கம்பனியின் ஆர்சி10 கார் வந்த காலத்திலிருந்து வெகு நாளாக மோட்டரைப் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கவிட்டது அதற்காகத்தான். அன்றைய தடங்கள் மண், மண்ணில் பின்பாரம் இல்லாமல் வேலை நடக்காது. பிறகு ஐரோப்பாவில் அஸ்ட்ரோ என்கிற குட்டைச் செயற்கைப் புல்லும் கார்பெட்டும் பெருகின, பிடிப்பு கூடியது, பின்பாரம் இப்போது இடைஞ்சலானது, முன்பக்கம் தூக்கிக்கொண்டு வளைவில் திரும்ப மறுத்தது. மோட்டர் பின் அச்சுக்கு முன்னால் நகர்ந்தது. 2011இல் வந்த டிஎல்ஆர் கம்பனியின் 22 என்ற காரில் இரண்டு விதமாகவும் பூட்டலாம் என்று விட்டிருந்தார்கள், எது வெல்லும் என்று கம்பனிக்கே அப்போது தெரியாது போலிருக்கிறது. இன்றைக்குப் போட்டிக்கு வரும் கார் ஏறக்குறைய எல்லாமே மிட் மோட்டர்தான் (மோட்டர் பின் அச்சுக்கு முன்னால்), மண்ணுக்கு விற்பதும் உட்பட.

அப்படியானால் டர்ட் என்றும் கார்பெட் என்றும் பிரித்து விற்பதில் என்ன வித்தியாசம்? முக்கியமாக கியர்பொக்ஸ். கார்பெட் காரில் அதைப் படுக்க வைத்திருப்பார்கள், மோட்டர் தாழ்ந்து கொஞ்சம் முன்னுக்குப் போகும், கார் வளைவில் சரியாமல் தட்டையாகத் திரும்பும். டர்ட் காரில் கியர்பொக்ஸ் நிமிர்ந்தோ பின்னுக்குச் சாய்ந்தோ நிற்கும், மோட்டர் பின் அச்சுக்குக் கிட்ட வரும், திரொட்டில் கொடுக்கும்போது பாரம் பின்னுக்கு இறங்கி டயரை மண்ணில் அழுத்தும். இதோடு ஷொக், ஸ்பிரிங், சில கார்களில் டிஃபரென்ஷியல் (வளைவில் இரண்டு பின் சில்லையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பாகம்) வகை, பிளேட்டுகள் என்று சின்னச் சின்ன மாற்றங்கள். அசோஸியேட்டட்டில் பி6.4 என்றால் கார்பெட், பி6.4டி என்றால் டர்ட். பி7, பி7டியும் அதே மாதிரி. எக்ஸ்ரேயில் எக்ஸ்பி2சி, எக்ஸ்பி2டி. டிஎல்ஆர் 22 5.0இல் ஏசி என்பது அஸ்ட்ரோவுக்கும் கார்பெட்டுக்கும், டிசி என்பது மண்ணுக்கும் களிக்கும். யோக்கோமோ வைஇசட்-2இல் கேல் என்றால் கார்பெட், டிடிஎம் என்றால் மண். பெட்டியில் இந்த எழுத்தைப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம், படத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

இப்போது டர்ட் காரைக் கார்பெட்டில் போட்டால் என்ன நடக்கும்? பிடிப்பு மிஞ்சிப்போய் வளைவில் கவிழும். அவ்வளவுதான், அதற்கு மருந்து இருக்கிறது. கிரவலில் தரையிலிருந்து 22 மில்லிமீட்டர் அளவில் வைத்திருக்கும் அடித்தட்டின் உயரத்தை 16, 17க்கு இறக்குங்கள், ஸ்பிரிங்கைக் கடினமாக்குங்கள், வளைவில் கார் சரிவதைக் குறைக்கும் அன்டி ரோல் பார் பூட்டுங்கள். அதற்கும் கவிழ்ந்தால் முன் டயரின் பக்கச் சுவரில் மெல்லிதாக சுப்பர் குளூ தடவிக் காய விடுங்கள், அந்த இடம் தரையைக் கவ்வாது. பிடிப்பைக் குறைப்பது எப்போதும் சுலபம். இல்லாத பிடிப்பைக் கொண்டுவருவதுதான் கஷ்டம்: படுத்த கியர்பொக்ஸ் உள்ள காரில் பற்றரியைப் பின்னுக்குத் தள்ளலாம், பின்பக்கம் பித்தளைப் பாரம் வைக்கலாம், ஸ்பிரிங்கை மென்மையாக்கலாம், எல்லாம் செய்த பிறகும் நிமிர்ந்த கியர்பொக்ஸ் சும்மா தருவதில் பாதிதான் கிடைக்கும், அதோடு கார் தேவையில்லாமல் பாரமாகிவிடும்.

டயர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கலப்புத் தரையில் ஓடுகிறவருக்கு எந்தக் கார் என்பதைவிட இதுதான் பெரிய விஷயம். என்னைக் கேட்டால் காருக்கு ஒதுக்கிய காசில் ஒரு பகுதியை முதலிலேயே எடுத்து டயருக்கும் சில்லுக்கும் என்று தனியாக வைத்துவிடுங்கள். நிறையப் பேர் அலுமினியப் பாகங்கள் வாங்கிக் குவித்துவிட்டு, தேய்ந்த டயரோடு கார் சரியில்லை என்று அழுகிறார்கள்.

நம்முடைய கிரவல் இரண்டு குணம் காட்டும். வெயில் காலத்தில் மேலே சிவப்புத் தூசியும் பொடிக்கல்லும் உருண்டுகொண்டிருக்கும். அதற்குப் பின்னால் உயரமான, இடைவெளி விட்ட முள்ளுள்ள டயர், மேல் பொடியைக் குத்திக் கீழே இருக்கும் இறுகிய மண்ணைப் பிடிக்க வேண்டும். மழை பெய்து ஒரு நாள் காய்ந்த பிறகு அதே மைதானம் இறுகிக் கிடக்கும், அன்றைக்குச் சின்னதும் நெருக்கமுமான முள்தான் நல்லது, உயர்ந்த முள் மடிந்து கார் தள்ளாடும். முன்னுக்கு மண்ணில் நீளவாக்கில் வரி ஓடும் ரிப் டயர். செயற்கைப் புல்லுக்கும் கார்பெட்டுக்கும் பின்னால் மினி பின் எனப்படும் பொடி முள் டயர், முன்னால் 'கட் ஸ்டாகர்' என்ற பெயரில் விற்கும் வகை. முன் டயரை வாங்கும்போது டூ வீல் டிரைவுக்கு உரியதுதானா என்று பாருங்கள், ஃபோர் வீல் டிரைவின் முன் டயர் அகலம் கூட. சில்லு இந்த வகைக்கு 2.2 அங்குலம், சில்லு பூட்டும் பின் ஹெக்ஸ் (ஆறு பக்கத் துண்டு) இப்போது பொதுவாக 12 மில்லிமீட்டர். பழைய கார் என்றால் அளந்து பாருங்கள்.

ஃபுட்சல் கோர்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. அது போட்டிக்குப் போடும் அஸ்ட்ரோ அல்ல, புல் நீளம், இடையில் மணலும் கறுப்பு ரப்பர் மணியும் போட்டிருப்பார்கள். அந்த மணி பினியனுக்கும் (மோட்டரில் பூட்டும் சின்னக் கியர்) ஸ்பர் கியருக்கும் (அது சுழற்றும் பெரிய கியர்) நடுவில் போய் உட்கார்ந்தால் பல்லைத் தின்றுவிடும். கியர் மூடியைப் பூட்டாமல் அங்கே ஓட்டாதீர்கள். புல்லின் இழையும் தலைமயிரும் அச்சில் சுற்றிப் பெயாரிங்கை இறுக்கும், வீட்டுக்கு வந்து சில்லைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நீளப் புல் மோட்டருக்கும் பாரம், சீக்கிரம் சூடேறும். (கோர்ட்காரரிடம் முதலே கேட்டுவிட்டுப் போங்கள். ஒரு முறை ஓடவிட்டு, பிறகு துரத்தினவர்களும் உண்டு.)

கொங்கிரீட் பார்க்கிங்கில் புது டயர் போடவே வேண்டாம். மென்மையான ரப்பரில் செய்த மினி பின் ஒரே பின்னேரத்தில் மொட்டையாகிவிடும். மண்ணில் தேய்ந்துபோன டயரை எறியாமல் வைத்திருந்து அங்கே ஓட்டுங்கள், கொங்கிரீட்டுக்கு முள் தேவையே இல்லை, மொட்டை டயர்தான் அங்கே நன்றாகப் பிடிக்கும்.

மோட்டர் விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். இரண்டு செல் லிப்போ, அதாவது 7.4 வோல்ட், ஷோர்ட்டி எனும் நீளம் குறைந்த பற்றரி, சென்சர் உள்ள 17.5 டேர்ன் (கம்பிச் சுற்று) பிரஷ்லெஸ் மோட்டர். கொஞ்சம் வேகம் வேண்டுமென்றால் 13.5. டேர்ன் எண் குறையக் குறைய வேகம் கூடும், ஆனால் காய்ந்த கிரவலில் 13.5க்குக் கீழே போனால் மோட்டர் தருவதைத் தரை வாங்காது, சில்லு சும்மா சுழன்று தூசிதான் கிளம்பும். கார் பாரம் ஒன்றரைக் கிலோ அளவுதான் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று, கம்பனிகள் தரும் செட்டப் தாளை அப்படியே போடாதீர்கள். அதில் பல குளிர் நாட்டில், மூடிய மண்டபத்தில் ஓடியவர்கள் எழுதியவை. கொழும்பில் மத்தியானம் 31, 32 பாகை, வெயிலில் கிடந்த காருக்குள் அதைவிடக் கூட. ஷொக் எண்ணெய் இளகி கார் தளதளவென்று ஆடும். தாளில் எண்ணெயின் தடிப்பு 30 என்று இருந்தால் 32.5 அல்லது 35 ஊற்றிப் பாருங்கள். பினியனையும் தாளில் உள்ளதைவிட ஒரு பல், இரண்டு பல் சின்னதாகத் தொடங்குங்கள், ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டரின் சூட்டை அளந்து பாருங்கள், 75 பாகைக்கு மேலே போகிறதென்றால் இன்னும் சின்ன பினியன். பெரிதாக்குவதைப் பிறகு யோசிக்கலாம்.

கடலோரத்தில் இருக்கிறீர்கள், அதனால் இதையும் சொல்ல வேண்டும். ஈரம், உப்புக் காற்று, இரண்டும் சேர்ந்து உருக்குப் பெயாரிங்கை மெல்ல மெல்லத் தின்னும். ஓடி முடிந்ததும் தூரிகையால் தூசி தட்டி, பெயாரிங்குகளுக்கு ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டு, காற்றுப்புகாத பெட்டியில் வையுங்கள். ஈரக் கிரவலில் ஓட ஆசை வரும், போட்டிக்கான ஸ்பீட் கன்ட்ரோலர் பலவற்றுக்குத் தண்ணீர்ப் பாதுகாப்பு கிடையாது, ஆசையை அடக்கிக்கொண்டு அன்றைக்குப் பார்க்கிங்குக்குப் போங்கள்.

கிட் வாங்குவதா, பூட்டியதா? கிட் என்றால் பெட்டிக்குள் மோட்டர், கன்ட்ரோலர், திசை திருப்பும் சேர்வோ, ரிமோட் எதுவும் இருக்காது, பெரும்பாலும் டயரும் இருக்காது, காரின் மேல்கூடு நிறமில்லாமல் கண்ணாடி மாதிரி வரும். விலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் பிறகு கணக்குப் பார்த்து முழிப்பார்கள். நேரே ஓடவேண்டுமென்றால் அசோஸியேட்டட் ஆர்பி10 போல பூட்டியே வரும் கார் உண்டு, ஓட்டப் பழகுவதற்குப் போதும். எனக்குக் கிட்தான் பிடிக்கும், ஒரு முறை கையால் பூட்டினவருக்குத்தான் உடைந்தால் எதைக் கழற்றுவது என்று தெரியும், உடையத்தான் போகிறது. எந்தக் கம்பனி என்பதில் நான் சண்டை பிடிக்க மாட்டேன். உங்கள் நண்பர்கள் எதை ஓட்டுகிறார்களோ அதையே எடுங்கள். இங்கே காரின் சில்லைத் தாங்கும் கீழ்க் கை ஒன்று முறிந்தால் கடைக்கு ஓடி வாங்க முடியாமல் போகலாம், தபாலில் வரும்வரை கார் அலுமாரிக்கு மேலே இருக்கும், பக்கத்தில் ஓடுகிறவரிடம் அதே பாகம் இருந்தால் அன்றைக்கே திரும்ப ஓடலாம். கார் வாங்கும்போதே முன் கீழ்க் கை, பின் கீழ்க் கை, முன் ஹப், ஸ்பர் கியர், இவ்வளவும் ஒவ்வொரு சோடி சேர்த்து ஓடர் பண்ணுங்கள். லிப்போவை மட்டும் அந்தப் பொதியோடு சேர்க்காதீர்கள், தனியாக வரும் லிதியம் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 முதல் தடை, அதனால் பொதி முழுவதும் எங்காவது மாட்டிக்கொள்ளும். பற்றரியை இங்கேயே இருப்பு உள்ளவரிடம் வாங்குவது நல்லது.

சரி, நண்பரின் கார். முழுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. போய்ப் பாருங்கள். அடித்தட்டைக் கழற்ற முடிந்தால் கண்ணாடி மேசையில் வைத்து வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பர் கியரையும் ஒரு பின் சில்லையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மற்றச் சில்லைத் திருப்புங்கள், போல் டிஃப் (உருக்குக் குண்டுகளால் இயங்கும் டிஃபரென்ஷியல்) என்றால் அது சுலபமாக வழுக்கக் கூடாது. சில்லைப் பிடித்து ஆட்டினால் எவ்வளவு தளர்வு, ஷொக்கில் எண்ணெய் கசிவு இருக்கிறதா, ஆணித் தலைகள் மொட்டையா. அப்புறம் நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி: இந்த மொடலுக்கு நிமிர்ந்த கியர்பொக்ஸ் பெட்டியும் அதற்குரிய கியர்களும் தனியாக விற்கிறார்களா? டிஎல்ஆர் 22 5.0 போன்ற சிலவற்றுக்கு மாற்ற முடியும். காரின் விலையோடு அந்தப் பாகங்களின் விலையையும் தபால் செலவையும் கூட்டிப் பாருங்கள், புது டர்ட் கிட்டின் விலையில் பாதிக்குக் கீழே நின்றால் எடுங்கள், கூடப் பழைய டயரெல்லாம் தரச் சொல்லிக் கேளுங்கள், பார்க்கிங்குக்கு உதவும்.