கூகுள் ஸ்காலரில் எச்-இண்டெக்ஸ் 24, ஸ்கோபஸில் 17: விண்ணப்பத்தில் எதை எழுதுவது?

நரம்பறிவியல் ஆய்வாளரான உங்கள் எச்-இண்டெக்ஸை, ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள்களை எண்ணும் இரண்டு தளங்களான கூகுள் ஸ்காலரும் ஸ்கோபஸும் வெவ்வேறாகக் காட்டுவதால், எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எச்-இண்டெக்ஸ் 17 என்றால், தலா குறைந்தது 17 மேற்கோள்கள் பெற்ற கட்டுரைகள் 17 உள்ளன என்று பொருள். படிவம் குறிப்பிட்ட தரவுத்தளத்தைக் கேட்காத நிலையில், ஸ்கோபஸ் காட்டும் 17-ஐ, அதன் பெயரோடும் பார்த்த தேதியோடும் எழுதுங்கள். சரிபார்ப்பவர் அதையே எளிதாக ஒப்பிட முடியும்.

கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளிலும் பயோஆர்க்கைவ் தளத்தின் முன்பதிப்புகளிலும் (இதழில் வெளியாகும் முன்பே பகிரப்படும் கட்டுரைகள்) வரும் மேற்கோள்களையும் எண்ணுவதால், நரம்பறிவியலில் அதன் எண் கூடுதலாக இருப்பது இயல்புதான். இருப்பினும் ஏழு என்ற இடைவெளி சற்றுப் பெரியது. நீங்கள் பழைய நிறுவனத்தில் இருந்தபோது வெளியான கட்டுரைகள் ஸ்கோபஸில் வேறொரு ஆசிரியர் பதிவாகப் பிரிந்து கிடக்கின்றன என்றே சந்தேகிக்கிறேன்.

1. ஸ்கோபஸ் ஆசிரியர் தேடலில், முதலெழுத்தை முன்னும் பின்னும் மாற்றி உங்கள் பெயரைத் தேடுங்கள். இரண்டாவது பதிவு தென்பட்டால், இரண்டையும் இணைக்கக் கோரிவிட்டு, ஆர்கிட் எண்ணையும் (ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் எண்) சேர்த்துவிடுங்கள்.

2. ஸ்காலர் பட்டியலில் அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரைகள் தானாகச் சேர்ந்திருந்தால் நீக்குங்கள்.

இணைத்தவுடன் எண் உயர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எடுத்துக்காட்டாக, பிரிந்து கிடந்த கட்டுரைகள் ஆறு இருந்து, அவை தலா எட்டு மேற்கோள்களே பெற்றிருந்தால், மொத்த மேற்கோள் 48 கூடுமே தவிர, எச்-இண்டெக்ஸ் 17-இலேயே நிற்கும். அது 18 ஆவதற்கு, குறைந்தது 18 மேற்கோள்கள் பெற்ற கட்டுரைகள் பதினெட்டு வேண்டும்.