ஆர்எஸ்ஓ என்று ஆர்டர் போட்டுவிட்டார்கள், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ஐயா, நான் கொடுங்கையூர்க்காரன், ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் உதவிப் பேராசிரியர். போன வருடம் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது, இன்று முதல் நீங்கள்தான் ஆர்எஸ்ஓ, அதாவது கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர் என்று. அதற்கான பயிற்சி எதுவும் எனக்கு இல்லை. லேபில் ஒரு எக்ஸ்ஆர்டி மிஷினும் (எக்ஸ்ரே விட்டுப் பொருளின் படிக அமைப்பைப் பார்ப்பது), 1990களில் வாங்கிய சீசியம், கோபால்ட் கதிரியக்க மூலங்களும் இருக்கின்றன. ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஐந்து, ஈயப் பெட்டியில் நான்குதான். இப்போது பழைய பிளாக்கைக் காலி செய்து சாமான்களைக் காயலான் கடைக்காரருக்கு ஏலம் விடப்போகிறார்கள். இந்த நேரத்தில் பாதுகாப்பு அறிக்கையில் 'அனைத்தும் சரி' என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். போடாவிட்டால் வேலை போகுமா, போட்டால் ஜெயிலா? ஆராய்ச்சி மாணவி ஒருவர் வேறு கர்ப்பமாக இருக்கிறார், வெளியே சொல்லாதே என்கிறாராம் கைடு.

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஏன் என்று சொல்கிறேன். அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகள் 2004 வேலை கொடுப்பவர், உரிமம் பெற்றவர், ஆர்எஸ்ஓ, வேலை செய்பவர் என்று நாலு பேருக்கும் தனித்தனியாகப் பொறுப்பு வைத்திருக்கிறது. முதல் இரண்டும் உங்கள் விஷயத்தில் நிர்வாகம்தான். மூலங்களைப் பத்திரமாக வைப்பது, அவ்வப்போது எண்ணிப் பார்த்துக் கணக்கு வைப்பது, உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அளக்கிற டிஎல்டி பேட்ஜ் வாங்கித் தருவது, தொலைந்தால் 24 மணி நேரத்துக்குள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சொல்வது, உள்ளூர் போலீசுக்கும் சொல்வது எல்லாம் அவர்கள் தலையில். ஆர்எஸ்ஓவின் வேலை அளந்து பார்ப்பது, ஆலோசனை சொல்வது, ஆபத்து தெரிந்தால் நிர்வாகத்துக்கும் வாரியத்துக்கும் எழுதுவது. ஆனால் இல்லாத மூலத்தை இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது நிர்வாகத்தின் அலட்சியமாக இருக்காது, உங்கள் பொய்யாகிவிடும். நிர்வாகம் எதிர்பார்ப்பதும் அதைத்தான், நாளைக்கு ஏதாவது ஆனால் நீட்டுவதற்கு ஒரு பெயர் வேண்டும்.

இன்னொன்று, ஆர்எஸ்ஓ என்பது ரிஜிஸ்ட்ரார் ஒரு தாளில் ஆர்டர் போட்டால் வந்துவிடுகிற பதவி இல்லை. அதற்கு உரிய தகுதியும் பயிற்சியும் வேண்டும், வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். ஒப்புதல் ஈலோரா என்கிற அவர்களுடைய இணையதளம் வழியாக வரும். எனவே இன்றைக்கே விசாரியுங்கள், அங்கே உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா, யாராவது உங்கள் டிகிரி சர்ட்டிபிகேட்டை ஏற்றி விண்ணப்பித்திருக்கிறார்களா என்று. ஏறவில்லை என்றால் நீங்கள் ஆர்எஸ்ஓவே இல்லை, ராஜினாமா செய்யவும் எதுவும் இல்லை, பல்கலைக்கழகம் ஆர்எஸ்ஓ இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, அது அவர்கள் பிரச்சினை. ஏறியிருந்தால் விஷயம் வேறு, உடனே என்னைக் கூப்பிடுங்கள்.

காணாமல் போன ஐந்தாவது மூலம்தான் எனக்குக் கவலை. சீசியமா கோபால்ட்டா என்று ரிஜிஸ்டரில் பாருங்கள். கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 வருடம், முப்பது வருடத்துக்கு முன் வாங்கியது என்றால் இன்றைக்கு ஐம்பதில் ஒரு பங்குதான் மிச்சம். சீசியம்-137க்கு அரை ஆயுளே ஏறக்குறைய 30 வருடம், பாதி அப்படியே இருக்கும். மாணவர்கள் கைகர் கவுண்டர் என்கிற கதிர் எண்ணும் கருவியில் வைத்துப் பார்க்கிற சின்ன மூலம் என்றால் ஊரைக் காலி செய்கிற ஆபத்தெல்லாம் கிடையாது, பயப்பட வேண்டாம். ஆனாலும் 'சின்னதுதானே' என்று நீங்களாக முடிவு செய்து கணக்கை முடிக்க முடியாது, அதை முடிவு செய்ய வேண்டியது வாரியம். எக்ஸ்ஆர்டி மிஷின் அப்படி இல்லை, ஸ்விட்சை அணைத்தால் எக்ஸ்ரேயும் நின்றுவிடும், அதற்கு வாரியத்தின் அனுமதியும், கதவைத் திறந்தால் எக்ஸ்ரேயைத் தானாக நிறுத்துகிற இன்டர்லாக்கும் சரியாக இருந்தால் போதும்.

ஏலத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் மாயாபுரி. டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985க்கு அப்புறம் யாரும் தொடாமல் கிடந்த ஒரு காமா கருவியை 2010 பிப்ரவரியில் பழைய இரும்போடு ஏலம் விட்டார்கள். மாயாபுரி காயலான் கடைகளில் அதைப் பிரித்ததில் உள்ளே இருந்த கோபால்ட்-60 வெளியே வந்தது, ஒருவர் இறந்தார், பலருக்குக் கதிர்வீச்சுக் காயம். உங்கள் மூலம் அந்த அளவு கிடையாது, சரி. ஆனால் வியாசர்பாடிப் பக்கம் கடை வைத்திருப்பவருக்கு ஈயப் பெட்டி என்றால் எடைக்குக் காசு, உள்ளே என்ன என்று பார்க்க மாட்டார், மேலே இருக்கிற மூன்று இதழ் மஞ்சள் முத்திரை அவருக்கு ஒரு ஸ்டிக்கர். பழைய மூலங்களை விற்றவருக்கே திருப்ப வேண்டும், அல்லது வாரியத்தின் அனுமதியோடு அங்கீகாரம் பெற்ற கழிவு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். ஏலம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தெரிந்தே விட்டு யாராவது செத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1)இல் அலட்சியத்தால் மரணம், ஐந்து வருடம் வரை. உயிர் போகாமல் ஆபத்து மட்டும் என்றாலும் அதே சட்டத்தில் 125ஆவது பிரிவு இருக்கிறது.

அந்த மாணவி விஷயத்தில் கைடு செய்வது தவறு. கர்ப்பம் தெரிந்ததும் நிர்வாகத்திடமும் ஆர்எஸ்ஓவிடமும் சொல்ல வேண்டும் என்று விதியே இருக்கிறது, வேலையை மாற்றிக் கொடுப்பதற்காகத்தான், வீட்டுக்கு அனுப்புவதற்காக இல்லை. சாதாரணமாக இந்த வேலை செய்பவருக்கு வரம்பு ஐந்து வருடத்துக்கு 100 மில்லிசீவர்ட் (உடம்பில் படுகிற கதிர்வீச்சின் அளவு), ஒரு வருடத்தில் 30ஐத் தாண்டக்கூடாது. கர்ப்பத்தைத் தெரிவித்த பிறகு மிச்ச மாதங்களுக்குச் சிசுவுக்கு 1 மில்லிசீவர்ட், அவ்வளவுதான். அவரையே ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். 'ஸ்டூடன்ட்தானே, ஸ்டாஃப் இல்லையே' என்று யாராவது சொன்னால் அதையும் எழுத்தில் கேளுங்கள், தரமாட்டார்கள்.

இப்போது கடிதம். ரிஜிஸ்ட்ராருக்கு, நகல் துணைவேந்தருக்கு. 'எனக்கு உரிய பயிற்சியோ வாரியத்தின் ஒப்புதலோ இல்லை. ரிஜிஸ்டரில் ஐந்து மூலங்கள் உள்ளன, இந்தத் தேதியில் நான் பார்த்தபோது நான்கு இருந்தன. விதிப்படி வாரியத்துக்கும் போலீசுக்கும் உடனே தெரிவிக்கவும், பழைய பிளாக் ஏலத்தை நிறுத்தவும் கேட்டுக்கொள்கிறேன்.' இவ்வளவு போதும், கோபம் வேண்டாம், யாரையும் குறை சொல்ல வேண்டாம். தபால் பிரிவில் கொடுத்து நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீடு போஸ்ட், கூடவே ஈமெயில். ஒரு நாள் பொறுங்கள். அசையவில்லை என்றால் வாரியத்துக்கு நீங்களே எழுதுங்கள், சென்னையிலேயே அவர்களுக்குத் தென்மண்டல மையம் இருக்கிறது.

வேலை போகுமா என்றால், தனியார் நிர்வாகம், தொல்லை கொடுக்க மாட்டார்கள் என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் கடிதத்துக்கு அடுத்த வாரம் மெமோ வந்தால் அந்தத் தேதிகளே நமக்குச் சாட்சி. எந்த நீதிமன்றம், என்ன மனு என்பது உங்கள் நியமன ஆணையைப் பார்த்தால்தான் தெரியும். அதையும், ஆர்எஸ்ஓ ஆர்டரையும், ஸ்டாக் ரிஜிஸ்டரின் அந்தப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு மாலையில் தம்புச் செட்டித் தெருவில் இருக்கிற என் ஆபீஸுக்கு வாருங்கள். ஜெராக்ஸ் போதும், ஒரிஜினல் ரிஜிஸ்டரை லேபிலிருந்து வெளியே எடுக்காதீர்கள்.