அக்ரி முடித்துத் தொழிலா, தேர்வா? நாற்றங்கால் அக்காவிடம் கேள்விகள்

பி.எஸ்சி. அக்ரி படித்துவிட்டு மேலூர் பக்கம் குழித்தட்டு நாற்றங்கால் நடத்துகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

இறுதியாண்டு மாணவர், ஒத்தக்கடை: அக்கா, இரண்டாம் வருஷம் 'யாரெல்லாம் தொழில் தொடங்கப் போறீங்க'ன்னு கேட்டப்ப பாதி வகுப்பு கை தூக்குச்சு. இப்ப எல்லார் கையிலும் ஐபிபிஎஸ் வங்கித் தேர்வு கைடு. ஆசை அவ்வளவுதானா?

பதில்: ஆசை எங்கேயும் போகலை தம்பி. முதல் வருஷம் கஞ்சி ஊத்துறது யாருன்னு தெரியாமத்தான் கை இறங்குது. எனக்குக் காசு கண்ணுல படவே ஏழெட்டு மாசம் ஆச்சு. வங்கி வேளாண் அலுவலர் தேர்வை 30 வயசு வரைக்கும் எழுதலாம். அதனால ரெண்டு வருஷத்தைத் தொழிலுக்குன்னு ஒதுக்கிட்டு இறங்குங்க. படிச்சுக்கிட்டே ஓரமா நாற்றும் போடுறேன்னா நடக்காது. ஞாயிற்றுக்கிழமையும் அது தண்ணி கேட்கும்.

மாணவியின் அப்பா, உசிலம்பட்டி: எம் மகளும் நாற்றங்கால் போடணுங்குறா. கவுந்துருமோன்னு பயமா இருக்கும்மா.

பதில்: நியாயமான பயம் ஐயா. நானே கவுந்தவதான். தட்டுல மண்ணுக்குப் பதிலா நிரப்ப முதல் தடவை வாங்கின தேங்காய் நார்க்கழிவு சரியா மக்கலை, கழுவவும் இல்லை. தட்டுக்கு 98 குழி, மொத்தம் 200 தட்டு, அத்தனையும் தக்காளி. முளைச்சுது, பத்தாம் நாள் இலை வெளிறி, ஓரம் கருகி, அப்படியே நின்னுபோச்சு. நார்க்கழிவுல இருந்த உப்பு! இதைப் பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கினவ நான். இப்பெல்லாம் மூட்டையில ஒரு கைப்பிடி எடுத்து ஊறவைச்சு, உப்பு அளக்குற ஈசி மீட்டர்ல பார்த்துட்டுத்தான் வண்டியை விட்டு இறக்கச் சொல்வேன்.

மகளை 50 தட்டோட ஆரம்பிக்கச் சொல்லுங்க. அதுவும் விவசாயி முன்பணம் கொடுத்த ரகம் மட்டும். தக்காளி நாற்று 25 நாள்ல வெளியே போயாகணும். ஆள் வரலைன்னா நெட்டையாகிக் குப்பைக்குத்தான்.

பட்டதாரி, செக்கானூரணி: சொந்த நிலம் இல்லை. மானியம் ஏதாவது உண்டா?

பதில்: நிலம் இல்லாதவருக்கு உரக்கடை இருக்கே. உரம், பூச்சிமருந்து விற்கும் உரிமத்துக்கு உங்க பட்டமே தகுதி. மத்தவங்க அதுக்காக 48 வாரம் 'தேசி' பட்டயம் படிக்கிறாங்க.

மானியம்னா, வேளாண் பட்டதாரிகள் தொழில் தொடங்க 2002லிருந்து இருக்கிற மத்திய அரசோட ஏசி-ஏபிசி திட்டத்துல 45 நாள் பயிற்சி இலவசம். தனியாளுக்கு 20 லட்சம் வரைக்கும் மதிப்புள்ள தொழிலுக்கு 36 சதவீத மானியம். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 44. ஆனா அந்தப் பணம் கைக்கு வராது, கடன் கணக்குல பின்னால கழியும். மானியத்தை நம்பிக் கடன் வாங்காதீங்க. கடையில வர்ற காசுலயே தவணை கட்ட முடியுமான்னு முதல்ல போட்டுப் பாருங்க.

மாணவர், திருமங்கலம்: மல்லிகைப் பூ ஒரு ஏக்கர் போட்டா?

பதில்: பொங்கல் சமயம் கிலோ 2,000 ரூபாய் தாண்டுதுன்னு செய்தி பார்த்திருப்பீங்க. பனியில செடியே பூக்காததாலதான் அந்த விலை. பங்குனி, சித்திரையில பூ கொட்டும்போது விலை படுத்துடும், மிச்சம் சென்ட் கம்பெனிக்குப் போகும். விடியுமுன்னே நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு மொட்டுப் பறிக்க ஆள் கிடைக்குமா? அதை விசாரிச்சுட்டு அப்புறம் பதியன் வாங்குங்க.

மாணவி, வாடிப்பட்டி: கிராமத் தங்கல் பயிற்சிக்குப் போறோம் அக்கா. என்ன பார்க்கணும்?

பதில்: ரெக்கார்டு நோட்டு எப்படியும் எழுதிருவீங்க. ஊர் உரக்கடையில ரெண்டு நாள் ஓரமா உட்காருங்க. எந்த மாசம் எந்த மருந்து போகுது, யார் கடன் சொல்றாங்க, அறுவடை முடிஞ்சு எத்தனை நாள்ல திருப்பிக் கொடுக்கிறாங்கன்னு குறிச்சுட்டு வாங்க.