லைசென்கோ போதும், ஹாரிசனை எடுத்துப் பாருங்கள்

சமூகம் அறிவியலை எப்படி வடிவமைக்கிறது என்ற கட்டுரைக்கு சோவியத் யூனியனில் ஸ்டாலின் ஆதரவோடு மரபியலை ஒடுக்கிய லைசென்கோவைத் தவிர எதுவும் சிக்கவில்லை, எல்லாமே தடைபோட்ட கதையாகவே வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். தடையை மட்டும் தேடினால் அப்படித்தான் வரும். எந்தக் கேள்விக்குப் பணம் வருகிறது, யார் சொன்னால் நம்புகிறார்கள் என்று பாருங்கள்.

நான் என்றால் தீர்க்கரேகைக் கதையை, அதாவது நடுக்கடலில் கப்பல் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் போராடிய கதையை எடுப்பேன். 1707-ல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் நான்கு, இருக்கும் இடம் தெரியாமல் இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி மூழ்கின. 1714-ல் நாடாளுமன்றம் தீர்க்கரேகை காண வழி கண்டுபிடிப்பவருக்கு 20,000 பவுண்டு வரை பரிசு அறிவித்தது. கடல் வணிகமும் போரும் இல்லாத நாடு இவ்வளவு பணத்தைக் கொட்டியிருக்குமா?

அப்புறம்தான் சுவாரஸ்யம். கிளம்பிய ஊரின் நேரத்தைக் கடிகாரம் பிசகாமல் காட்டினால், கப்பல் இருக்கும் இடத்து நேரத்தோடு ஒப்பிட்டுத் தீர்க்கரேகையைக் கணக்கிடலாம். தச்சுவேலை பார்த்த ஜான் ஹாரிசன் செய்த கடிகாரம் 1761-ல் ஜமைக்காவுக்குக் கிளம்பிய பயணத்தில் சுமார் 5 விநாடிதான் பிந்தியது (4 நிமிடப் பிழை என்றால் தீர்க்கரேகையில் ஒரு பாகை விலகல்). பரிசை முடிவு செய்யும் தீர்க்கரேகை வாரியம் அதிர்ஷ்டம் என்று சொல்லி மறுபடி சோதிக்கச் சொன்னது. நிலவை வைத்துக் கணக்கிடும் முறையை ஆதரித்த மாஸ்கெலைன் 1765-ல் அரச வானியலாளராகி அதே வாரியத்தில் போய் உட்கார்ந்தார். சரி, அதற்காக அவரை வில்லனாக்கிவிடாதீர்கள். அவர் முறையும் வேலை செய்தது, கடிகாரம் யானை விலை விற்றதால் பல மாலுமிகள் நிலவையே நம்பினார்கள்.